அளவுநாடாவை எடுக்காத நிறுவனம்: கனடாவில் டார்கெட், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் பல்பொருள் கடை நிறுவனமான டார்கெட், கனடாவில் நடத்திவந்த 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. முதல் கடை திறந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை. சுமார் 17,600 பேருக்கு வேலை போனது. அந்த ஒரு காலாண்டில் மட்டும் வரிக்கு முந்தைய நஷ்டமாகச் சுமார் 540 கோடி அமெரிக்க டாலரைக் கணக்கில் எழுத வேண்டிவரும் என்று நிறுவனமே சொன்னது. எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் 2021க்கு முன்னால் லாபம் வர வழியில்லை என்று, பதவிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத தலைவர் பிரையன் கார்னெல் கையை விரித்துவிட்டார்.

கணினி, தரவு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு நிறுவனத்துக்கு இது நடந்திருந்தால் பேச ஒன்றும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் வாங்கும் சுமார் 25 பொருட்களைச் சேர்த்துப் பார்த்து, அவர் கர்ப்பமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடுகிற அளவுக்கு டார்கெட்டின் புள்ளியியல் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று 2012 பிப்ரவரியில் செய்தி வந்தது. தரவு அறிவியல் பேசும் இடத்தில் எல்லாம் அந்தக் கதை இன்றும் ஓடுகிறது. அதே காலத்தில், அதே நிறுவனத்தின் கனடா கிளையில், ஒரு அட்டைப்பெட்டியின் நீளம் எது, அகலம் எது என்பது கணினிக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது.

எல்லாரும் முதல் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

அவசரம் எங்கிருந்து வந்தது

2011 ஜனவரியில், கனடாவின் பழைய வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பேயின் கையில் இருந்த, ஜெல்லர்ஸ் என்ற மலிவு விலைக் கடைகளின் குத்தகை உரிமையை, 220 இடங்கள் வரை, 182.5 கோடி கனடிய டாலருக்கு டார்கெட் வாங்கியது. ஒரு நாட்டுக்குள் நுழைய இவ்வளவு பெரிய கதவு ஒரே நாளில் திறப்பது அபூர்வம். சிக்கலும் அங்கேயே தொடங்கியது. இடம் கைக்கு வந்த பிறகு பூட்டிவைத்தால் வாடகை மட்டும் ஓடும். ஆகவே முதலில் ஐந்தாறு கடை, பழகிய பிறகு மீதி என்ற பேச்சே எடுபடவில்லை. 2013 மார்ச் 5இல் ஒன்டாரியோ மாகாணத்தில் கெல்ஃப், ஃபெர்கஸ், மில்டன் ஆகிய மூன்று ஊர்களில் கடை திறந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் 124 கடைகள் ஆகிவிட்டன.

இந்த அவசரத்துக்கு நடுவில் மென்பொருள் முடிவு ஒன்றும் எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டார்கெட் பயன்படுத்தியது, பல வருடங்களாக அவர்களே பார்த்துப் பார்த்துக் கட்டிய அமைப்பு. அது அமெரிக்க டாலருக்கும் ஆங்கிலத்துக்கும் பழகியது. கனடிய டாலரும் பிரெஞ்சு எழுத்துகளும் அதில் ஓடாது. ஓடவைக்க நிறைய நாள் பிடிக்கும். எனவே கடையில் சட்டை வாங்குவதுபோல, தயாராகக் கிடைக்கும் எஸ்ஏபி என்ற வணிக நிர்வாக மென்பொருளை வாங்கிப் போடுவது என்று முடிவானது.

இந்த முடிவை எடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எஸ்ஏபி உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள்தான். ஆனால் பழைய அமைப்பை விட்டபோது கூடவே வேறொன்றும் போய்விட்டது. தப்பான எண்ணை அடித்தால் "இது சரியில்லையே" என்று கேட்கும் நூறு சின்னச் சின்னத் தடுப்புகள் அதற்குள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பழைய தவறில் அடிபட்ட பிறகு யாரோ சேர்த்து வைத்தவையாகத்தான் இருக்கும். அவை எந்த ஒப்பந்தத்திலும் வரியாக எழுதப்பட்டிருக்காது. விலைப்பட்டியலிலும் வராது.

75,000 ஜாதகங்கள்

சில்லறை வணிகத்தில் "ஐட்டம் மாஸ்டர்" என்று ஒன்று உண்டு. விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் கணினியில் இருக்கும் ஜாதகம் அது. பெயர், பார்கோடு, நீளம், அகலம், உயரம், எடை, ஒரு பெட்டிக்கு எத்தனை, வாங்கும் விலை, எந்த நாட்டுப் பணத்தில், எந்த வெண்டர் (சரக்கு தருபவர்), சுங்கக் குறியீடு என்று ஒரு பொருளுக்குப் பல பத்துக் கட்டங்கள். ஆர்டர் போடுவது, லாரி பிடிப்பது, கிடங்கில் இடம் ஒதுக்குவது, அலமாரியில் அடுக்குவது, பில் போடுவது எல்லாம் இந்த ஜாதகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். பிறந்த நேரத்தையே தப்பாகக் குறித்துவிட்டால் ஜோசியர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தும் பயனில்லை.

டார்கெட் கனடாவுக்கு இப்படிச் சுமார் 75,000 பொருட்களை உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. அமெரிக்க அமைப்பிலிருந்து அப்படியே நகலெடுக்க முடியாது. அளவு முறை வேறு, பணம் வேறு, மொழி வேறு, பல பொருட்களே வேறு. வெண்டர்கள் அனுப்பிய விவரங்களைப் பார்த்து மனிதர்கள் உட்கார்ந்து அடித்தார்கள். அடித்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் புதியவர்கள், இளையவர்கள். வெண்டர் எழுதியது தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்படும் அனுபவம் அவர்களுக்கு இல்லை. சந்தேகப்பட நேரமும் இல்லை. கடை திறக்கும் தேதி தலைக்கு மேல் தொங்கியது.

பிறகு உள்ளேயே சோதித்துப் பார்த்தபோது, கனடா அமைப்பில் இருந்த தரவில் சுமார் 30 சதவீதம்தான் சரி என்று தெரிந்தது. அமெரிக்காவில் அது 98, 99 சதவீதம்.

30 சதவீதம் என்பது ஓர் எண்ணாகப் படிக்கும்போது உறைக்காது. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அங்கே நடந்த தவறு வகைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணக்குகள் என்னுடையவை.

முதலாவது, சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம். எல்லாப் பக்கமும் 12 அங்குலம் உள்ள ஒரு பெட்டி என்று வையுங்கள். சென்டிமீட்டரில் அது 30.48. ஒருவர் மூன்று கட்டங்களிலும் 12 என்று அடித்துவிட்டுப் போகிறார். பார்க்க ஒரு சின்னத் தவறு. ஆனால் கன அளவு என்று வரும்போது 2.54ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 16.39 வரும். அதாவது கணினியின் கண்ணுக்கு அந்தப் பெட்டி நிஜத்தில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. 1,000 பெட்டி கொள்ளும் லாரியில், இடத்தை மட்டும் பார்த்தால், 16,000 பெட்டி ஏறும் என்று அது நம்பும். நம்பி, அதற்கேற்ப லாரியையும் கிடங்கு இடத்தையும் ஒதுக்கும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. அளவுகள் சரி, வரிசை தப்பு. நீளம், அகலம், உயரம் என்று வர வேண்டியது அகலம், உயரம், நீளம் என்று ஏறிவிட்டது. 40, 30, 10 என்ற பெட்டியை எப்படி மாற்றிப் போட்டாலும் கன அளவு 12,000 கன சென்டிமீட்டர்தான். லாரிக் கணக்கு சரியாக வரும். கிடங்குக் கணக்கும் சரியாக வரும். கன அளவை வைத்துப் பிழை தேடுகிற எந்த ரிப்போர்ட்டிலும் இது மாட்டாது. கடையில் அலமாரிக்கு முன்னால் நிற்கும் ஊழியருக்குத்தான் தெரியும், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்ட இடைவெளியில் 30 சென்டிமீட்டர் அகலப் பெட்டி நுழையாது என்று. கனடாவில் பொருட்கள் அலமாரியில் பொருந்தாமல் போனது இப்படித்தான்.

மூன்றாவது, பணம். கனடிய டாலரில் இருக்க வேண்டிய விலை அமெரிக்க டாலரில், அல்லது தலைகீழாக. இதில் துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது என்பேன். 2012இல் இரண்டு டாலர்களும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பில் இருந்தன. 9.99 என்பது எந்தப் பணத்தில் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நாட்டுப் பணம் இன்னொன்றைவிட எண்பது மடங்கு வேறுபட்டிருந்தால் முதல் நாளே யாராவது கத்தியிருப்பார்கள்.

பார்கோடு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 12 இலக்கப் பார்கோடில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஏதாவது ஓர் இலக்கம் மட்டும் தப்பினாலும் அந்தக் கணக்கு இடிக்கும். சரிபார்க்க நாலு வரி நிரல் போதும். அமெரிக்க அமைப்பு அதைச் செய்தது. கனடாவில் அதுபோன்ற எச்சரிக்கை வசதிகள், தப்பான தரவு ஏறி முடிந்த பிறகுதான் சேர்க்கப்பட்டன.

பிரச்சினை கடை திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, கொள்முதல் ஆட்கள் ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொரு கட்டமாக, வெண்டர்களைக் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்திய ஒரு வாரம் உண்டு. "தரவு வாரம்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 75,000 பொருட்களை ஒரே வாரத்தில் கையால் சரிபார்க்கும் திட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதை, ஐட்டம் மாஸ்டர் சுத்தம் செய்யும் வேலையில் நாலு நாள் உட்கார்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் எல்லா எண்களும் சரியாகத்தான் தெரியும்.

முன்கணிப்புக்குத் தீனி இல்லை

இது சுருக்கமான பகுதி. எத்தனை விற்கும் என்று கணிக்கும் மென்பொருளையும் தனியாக வாங்கியிருந்தார்கள். அதற்குத் தீனி பழைய விற்பனைக் கணக்கு. கனடாவில் பழைய கணக்கே கிடையாது. ஆகவே மனிதர்கள் ஊகித்து எண் கொடுத்தார்கள். அந்த ஊகம், பல வருடம் நிலைத்து ஓடும் அமெரிக்கக் கடையை மனதில் வைத்துப் போட்டது. புதுக் கடை முதல் நாளிலிருந்தே பழைய கடை மாதிரி விற்கும் என்று யாரோ எழுதிக்கொடுத்தார்கள். மென்பொருள் அதைத் தசமப் புள்ளி வரைக்கும் துல்லியமாகப் பிரித்து ஆர்டராக மாற்றிக்கொடுத்தது. ஊகம் மென்பொருள் வழியாக வெளியே வந்ததும் "சிஸ்டம் சொல்லுது" என்ற மரியாதை அதற்குக் கிடைத்துவிடுகிறது. பிறகு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கிடங்கு வழிய, அலமாரி வெறிச்சோட

வாடிக்கையாளர் கண்ணில் பட்டது காலி அலமாரி. அதைப் பார்த்தவர் எவரும் "சரக்கு வரவில்லை போல" என்றுதான் நினைப்பார். உண்மை நேரெதிர். மூன்று பெரிய விநியோகக் கிடங்குகளும் நிரம்பி வழிந்தன; உள்ளே இறக்க இடமில்லை. வெளியே எடுக்கவும் முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஒரு பெட்டிக்கு எத்தனை என்ற கட்டத்தை மட்டும் பார்ப்போம். ஐட்டம் மாஸ்டரில் பெட்டிக்கு 24 என்று இருக்கிறது. வந்து இறங்கிய பெட்டியில் 12தான். கிடங்கு ஆள் இப்போது என்ன செய்வார்? 24 என்று ஏற்றுக்கொண்டால், இல்லாத 12 பொருளைக் கணினி இருப்பதாக நம்பும். கடைக்கு அனுப்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். 12 என்று திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை என்றால், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மேலே கேட்க வேண்டும். ஓரமாக வைக்கும் பெட்டி ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. பத்துக்கு ஏழு அப்படி என்றால் ஓரம் என்று ஒன்று மிஞ்சாது.

இதோடு பில்லிங் கவுண்டரும் படுத்தியது. புதிதாக வாங்கிய அமைப்பில், வாடிக்கையாளர் தாமே பில் போடும் இயந்திரங்கள் தப்பாகச் சில்லறை கொடுத்த சம்பவங்கள் நடந்தன. பில் தப்பினால் பணம் மட்டும் போவதில்லை. எது எத்தனை விற்றது என்ற கணக்கும் அங்கேதான் பிறக்கிறது. முன்கணிப்பு மென்பொருள் பசியோடு காத்திருந்ததே, அதே கணக்கு.

ஸ்விட்சை அணைத்தவர்கள்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்த பகுதி இது.

அலமாரியில் ஸ்டாக் குறைந்ததும் தானாகவே ஆர்டர் போகும் வசதி மென்பொருளில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதை அணைக்கவும் போடவும் தனி ஸ்விட்ச். இனி விற்கப்போவதில்லை என்று முடிவான பொருளுக்கு அதை அணைத்துவிடலாம், நியாயமான வசதிதான். இன்னொரு பக்கம், பொருட்களைக் கவனிக்கும் பகுப்பாய்வாளர்களின் வேலையை அளக்க ஓர் எண் வைத்திருந்தார்கள்: அவர்கள் பொறுப்பில் உள்ள பொருட்களில் எத்தனை சதவீதம் ஸ்டாக்கில் இருக்கிறது? இதுவும் நியாயம்தான்.

இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒருவர் பொறுப்பில் 100 பொருட்கள். அதில் 20 ஸ்டாக் இல்லை. அவர் மதிப்பெண் 80 சதவீதம். இப்போது ஸ்டாக் இல்லாத 20இல் 15க்கு ஸ்விட்சை அணைக்கிறார். அணைத்த பொருள் கணக்கிலேயே வராது. மிச்சம் 85 பொருட்கள், அதில் 80 இருக்கிறது. மதிப்பெண் 94 சதவீதம். கடையில் ஒரு பொருள்கூடக் கூடுதலாக வரவில்லை. வரவும் போவதில்லை, ஏனென்றால் ஆர்டரே அணைந்து கிடக்கிறது.

ரிப்போர்ட் பச்சையாக இருக்கிறது, அலமாரி காலியாக இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று உள்ளே ஒரு சிறு குழு தோண்டியபோதுதான் இது வெளியே வந்தது. அதன் பிறகு, எந்தப் பொருளின் ஸ்விட்ச் எப்போது அணைக்கப்பட்டது, யார் அணைத்தது என்று காட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார்கள்.

அணைத்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று முத்திரை குத்துவது சுலபம். தரவு தப்பு, முன்கணிப்பு தப்பு, கிடங்கில் சரக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது; எதுவும் அவர்கள் கையில் இல்லை. கையில் இருந்தது ஸ்விட்ச் ஒன்றுதான். காலையில் கூட்டத்தில் சிவப்பு எண்ணோடு நிற்க வேண்டியவரும் அவரே. அவர் இடத்தில் நான் இருந்தால் முதல் வாரம் அணைத்திருக்க மாட்டேன். ஆறாவது வாரம் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. இந்த அளவுகோலை வடிவமைத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: வேலையைச் செய்யாமல் இந்த எண்ணை மட்டும் உயர்த்த வழி இருக்கிறதா?

தரவு மட்டும்தானா?

இல்லை. அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போய் டார்கெட்டில் வாங்கிப் பழகிய கனடியர்கள், அதே விலையை எதிர்பார்த்து வந்து ஏமாந்தார்கள். ஜெல்லர்ஸின் பழைய இடங்கள் பல, டார்கெட் வழக்கமாகத் தேடும் வகை இடங்கள் அல்ல. போட்டியாளர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2013இல் கனடா பிரிவின் விற்பனை சுமார் 130 கோடி அமெரிக்க டாலர். இயக்க நஷ்டம் 94 கோடி. தலைமையகத்துக்கு வேறு தலைவலியும் வந்தது. 2013 கடைசியில் அமெரிக்கக் கடைகளில் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடுபோயின. 2014 மே மாதம் தலைவர் கிரெக் ஸ்டைன்ஹேஃபல் விலகினார்.

ஆனால் விலை, இடம் எல்லாம் போகப்போகச் சரிசெய்யக்கூடியவை. எந்தப் பொருள் ஏன் விற்கவில்லை என்று தெரிந்தால் விலையைக் குறைக்கலாம், இடத்தை மாற்றலாம். விற்காமல் போனதா, அலமாரியில் வைக்கவே இல்லையா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத தரவை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? ஒரு பொருளின் விற்பனை பூஜ்யம் என்று ரிப்போர்ட் சொல்கிறது. கொள்முதல் மேலாளர் அதைப் பார்த்து, இந்த ஊருக்கு இது பிடிக்கவில்லை என்று முடிவெடுக்கிறார். அந்தப் பொருள் கிடங்கின் மூலையில் பிரிக்காத பெட்டியில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சொல்கிறேன். 2004இல் ஃபிரான்சிஸ் புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, சில வாரம் முன்னால் வந்த சார்லி புயலின்போது என்னென்ன விற்றது என்று வால்மார்ட் தன் பழைய பில்களைத் துருவிப் பார்த்தது. டார்ச்லைட், பேட்டரி எல்லாம் யாரும் எதிர்பார்ப்பதுதான். ஸ்ட்ராபெரி சுவை பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றது என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. லாரிகளை அதற்கேற்ப அனுப்பினார்கள். கதை கேட்பவர்கள் பகுப்பாய்வை மெச்சுகிறார்கள். நான் பார்ப்பது வேறு: ஸ்ட்ராபெரி வகை தனி, மற்ற வகைகள் தனி என்று ஒவ்வொரு கவுண்டரிலும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. அது பதிவாகாத இடத்தில் எவ்வளவு பெரிய கணிதம் தெரிந்தவர் வந்தாலும் "தின்பண்டம் கொஞ்சம் அதிகம் விற்றது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

2014

தலைமை மாறியது. கனடா பிரிவுக்கும் 2014 மே மாதம் புதிய தலைவர் வந்தார். சரிபார்ப்பு வசதிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஐட்டம் மாஸ்டர் மெல்லத் தெளிந்தது. அந்த வருடக் கடைசியில் அலமாரிகள் முன்பைவிட நன்றாகவே நிரம்பியிருந்தன. ஒன்றரை வருடம் காலி அலமாரியைப் பார்த்துப் போனவர்கள் மட்டும் திரும்பி வரவில்லை. கிறிஸ்துமஸ் விற்பனையும் கைகொடுக்கவில்லை.

ஜனவரி அறிவிப்போடு, ஊழியர்களுக்குக் குறைந்தது 16 வாரச் சம்பளம் கிடைக்கும்படி 7 கோடி கனடிய டாலரில் ஓர் அறக்கட்டளை நிதி ஒதுக்கப்பட்டது. பிறகு இருப்பைக் கழிக்கும் தள்ளுபடி விற்பனை நடந்தது. கடைசிக் கடைகள் 2015 ஏப்ரல் 12 அன்று மூடின. இந்த முறை அலமாரிகள் காலியானது விற்றுத் தீர்ந்ததால்.